கீழே தெரியாத ஃபோல்டர்

ஸ்டூல் மேல் ஏறி நின்று, அப்பாவின் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்த அலமாரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள். அத்தை போட்ட அதட்டலில் ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"ஏண்டீ, இந்த நேரத்துல அங்க ஏறி என்னத்த நோண்டிட்டிருக்கே?"

"லைட் எரியுதான்னு பார்க்கறேன் அத்தை."

"பட்டப்பகல்ல என்னடீ லைட்டு?"

"வைஃபை டப்பாவுல."

அத்தையின் கூடப்பிறந்த அண்ணன் ஹால் நடுவில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறார். அவர் பெற்ற பெண்ணோ அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முறைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாதிரிக் காரியத்துக்கு எந்த வசவை எடுப்பது என்று அத்தைக்கே சட்டென்று பிடிபடவில்லை. கடைசியில், "என்னவோ போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டப்பாவில் விளக்குகளெல்லாம் பச்சை. ஒன்றுகூடச் சிவப்பில்லை. சின்னவள் இறங்கினாள். இறங்கும்போது அப்பாவின் முகம் கிட்டத்தில் வந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் அழுந்திய தடம் இன்னும் இருந்தது. அதை விரலால் ஒருமுறை தேய்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவளுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. உயரமான கட்டடங்களில் நட்டநடுவில் நின்றுபோகிற லிஃப்டுகளை ஓடவைக்க வேண்டும். பழுதைக் கண்ணால் பார்க்காமல் அவள் ஸ்குரூ டிரைவரைத் தொட மாட்டாள். "நின்னுபோச்சும்மா" என்று யாராவது சொன்னால், எந்த மாடியில், கதவு மூடியிருந்ததா, உள்ளே யார் இருந்தார்கள், என்ன சத்தம் கேட்டது என்று கேட்டு உயிரை எடுத்துவிடுவாள். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. இன்று அவளுக்கு அழுகை வரவேண்டும். அதற்குப் பதிலாக ஆர்வம்தான் வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் விஷயம் அப்பாவே வைத்துவிட்டுப் போனதுதான்.

போன மாதம் ஃபோனில் பேசும்போது அப்பா சொன்னார்: "இந்தா பாரு, நான் போனப்புறம் மாட்டற படத்தை நானே எடுத்து ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன். அதைத்தான் வைக்கணும். உங்கண்ணன் பாட்டுக்கு லைசென்ஸ்ல இருக்கற படத்தைப் பெருசு பண்ணி வெச்சிடுவான். அதுல நான் திருட்டு முழி முழிச்சிட்டிருப்பேன்."

"பேச்சைப் பாரு. வேற பேச்சே கிடைக்கலையா உங்களுக்கு?"

"சரின்னு சொல்லு, வேற பேச்சு பேசறேன்."

"சரிப்பா, சரி."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிய சரி அது. ஸ்டுடியோக்காரர் மதியத்துக்குள் படத்தை அனுப்பினால்தான் ஃபிரேம் போட்டுத் தர முடியும் என்றிருந்தார். அப்பாவை எடுத்துப்போகிற வண்டி அதற்குப் பிறகு வந்துவிடும். படம் இருப்பது மாடியறையில் அப்பாவின் கம்ப்யூட்டரில். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் கேட்கிறது.

"எங்கயாவது எழுதி வைங்கப்பான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்று பெரியவன் அலுத்துக்கொண்டான். அவன் டைல்ஸ் கடை விற்பனைக்காரன். காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக ஓடி, தெரிந்த பிறந்தநாள்களையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டான். "கேட்டா, 'கடவுச்சொல்தானே, கடவுளுக்குத் தெரிஞ்சா போதும்'பாரு. இப்ப அவருகிட்டதானே போயிருக்காரு. அவராவது எனக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொன்னா தேவலை." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவன், பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

இன்னொரு வழி இருந்தது. அது அம்மாவின் லேப்டாப்.

அப்பாவுக்கு நுரையீரல் போய் மாடியறையோடு கிடந்த சமயத்தில்தான் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. படியேறக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். கட்டிலைக் கீழே இறக்கிப் போடலாம் என்று பிள்ளைகள் சொன்னபோது, "இந்த மெஷினையும் சிலிண்டரையும் தூக்கிட்டு எவன் ஏறி இறங்கறது? இறங்கினா ஒரேயடியா இறங்கிக்கறேன்" என்று அப்பா ஜோக்கடித்தார். நேற்றுதான் இறங்கினார்.

அதுவரை அம்மா கீழே, அப்பா மேலே. சாயங்காலம் ஒரு தடவை நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு படியாக ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மீதி நேரத்துக்கு அப்பா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தன் கம்ப்யூட்டரில் 'கீழே' என்று ஒரு ஃபோல்டர். அதில் அவர் எதைப் போட்டாலும் அம்மாவின் லேப்டாப்பில் தெரியும். நடுவில் வயர் கிடையாது. எல்லாம் ஹாலில் இருக்கிற அந்த டப்பா வழியாகத்தான். அம்மா ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் அடிக்கத் தேவையில்லாதபடி லேப்டாப்பிலேயே அதைப் பதிந்து வைத்திருந்தார். பழைய பாட்டு, பேப்பரில் வந்த படம், ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்த குருவி என்று கண்டதையும் போடுவார். அம்மா கீழே பார்த்துவிட்டு, "போதும் போதும், மருந்தை முழுங்குங்க" என்று படிக்கட்டடியில் நின்று கத்துவாள்.

மூன்று வாரமாக அந்த ஃபோல்டர் கீழே தெரியவில்லை.

அப்பா இதற்காகச் சின்னவளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்கம்மா லேப்டாப்புல என் ஃபோல்டர் வரமாட்டேங்குது. என்ன பண்ணலாம் சொல்லு." அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டப்பாவை அணைத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். பகிர்வதற்கான அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தார்கள். மறுநாள் அப்பா கூப்பிடுவார். "ம்ஹூம். உங்கம்மா தெரியலைன்னுட்டா." முந்தாநாள்கூடக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேம்ப்பா" என்றாள். ஞாயிறுக்கு முன்னால் அவரே கிளம்பிவிட்டார். முடிக்காத கம்ப்ளெயின்ட் ஒன்று கையில் இருந்தால் சின்னவளுக்குச் சோறு இறங்காது. இது அப்பா கொடுத்த கம்ப்ளெயின்ட்.

சமையலறை மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அம்மா ஹாலுக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் செய்த காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

"டப்பா நல்லாத்தான் இருக்கு" என்றாள் சின்னவள்.

"விடேன்டீ. எந்தப் படமா இருந்தா என்ன. லைசென்ஸ் படத்தையே வைக்கச் சொல்லு."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காலண்டர் கோணலாக மாட்டியிருந்தாலே பொறுக்காதவள் அம்மா. அந்த லைசென்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரை ஜாமீன்ல எடுத்துட்டு வந்தது மாதிரி இருக்கு" என்று முதலில் சொன்னதே அவள்தான்.

"அப்பாகிட்ட சரின்னு சொல்லியிருக்கேம்மா."

"நான் ஒண்ணும் தொடல" என்றாள் அம்மா.

சின்னவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே வருகிற இந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ கட்டடங்களில் கேட்டிருக்கிறாள். லிஃப்ட் நின்றுபோன இடத்தில், நாம் பெட்டியைத் திறப்பதற்குள், ஒரு ஆள் வந்து "நான் ஒண்ணும் தொடலம்மா" என்பான். அவனிடம்தான் முதலில் பேச வேண்டும். இருந்தாலும் இது அம்மா. சின்னவள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

தன் ஃபோனை வீட்டு வைஃபையில் போட்டாள். அதன் பெயர் 'மருந்துக்கடை'. அப்பா ஓய்வு பெறும்வரை மருந்துக்கடைதான் வைத்திருந்தார். ஃபோனில் தேடியதும் அப்பாவின் கம்ப்யூட்டர் உடனே தென்பட்டது. 'கீழே' என்ற பெயரும் தெரிந்தது. தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது. அடேயப்பா! மேலே இருக்கிற மெஷின் உயிரோடு இருக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறது. நடுவில் இருக்கிற டப்பாவும் வேலை செய்கிறது. அப்படியென்றால் பழுது மேலேயும் இல்லை, நடுவிலேயும் இல்லை. மூன்று வாரமாக அப்பாவும் அவளும் தப்பான மாடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதே தேடலை லேப்டாப்பில் செய்தாள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தது. ஆனால் நெட் நன்றாக ஓடியது. ஒரு பாட்டைத் தட்டினாள், உடனே ஒலித்தது. பதறிப்போய் நிறுத்தினாள். ஹாலிலிருந்து அத்தையின் இருமல் கேட்டது.

பெரியவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஸ்டுடியோக்காரர் கேட்டுட்டே இருக்காரு. ஏய், பேசாம அந்த லேப்டாப்பை மொத்தமா ரீசெட் பண்ணிடேன். புதுசு மாதிரி ஆயிடும்ல?"

"கையை எடு அண்ணா. அப்பா பதிஞ்சு வெச்ச பாஸ்வேர்டு இதுக்குள்ளதான் இருக்கு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அப்ப என்னதான் பண்ணலாங்கறே?"

"ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். நீ வெளில வர்றவங்களைப் பாரு."

"உத்தரவு மேடம்" என்று அவன் போனான். துக்க வீடானாலும் அவன் நக்கலுக்குக் குறைவில்லை.

சின்னவள் திரையின் கீழ் மூலையில் இருந்த வைஃபை அடையாளத்தைத் தட்டினாள். இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் வைஃபையில்தான் இருப்போம் என்று யாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்குமே.

'டைகர்' என்று இருந்தது.

டைகர் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் நாய். அவர்கள் வைஃபைக்கும் அதே பெயர்தான். எப்போதோ ஒருமுறை இங்கே லைன் பழுதானபோது டீச்சரம்மா தன்னுடையதைக் கொடுத்து உதவியிருந்தார். லேப்டாப் அதை ஞாபகம் வைத்திருக்கிறது. அம்மா இந்தச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டுச் சிக்னலில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டு வரும், செய்தி வரும், எல்லாம் வரும். சொந்த வீட்டு மாடி மட்டும் வராது.

தானாகவே தாவியிருக்குமோ? சின்னவளுக்கு அந்தச் சந்தேகத்தையும் விட மனமில்லை. 'மருந்துக்கடை'யைத் திறந்து பார்த்தாள். 'தானாக இணை' என்ற இடத்தில் டிக் இல்லை. அது தானாகப் போகிற டிக் அல்ல. ஒரு கை வந்து எடுத்திருக்க வேண்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். அகப்பட்டாயா என்று பழுதைப் பார்த்துக் கேட்கத் தோன்றும். இன்று அது வரவில்லை.

"அம்மா."

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது டைகர்ல இருக்கும்மா."

"தெரியும்."

ஹாலில் யாரோ புதிதாக வந்தார்கள். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டு அடங்கியது.

"நான்தான் மாத்தினேன்" என்றாள் அம்மா. "டீச்சரம்மா பொண்ணு எப்பவோ சொல்லிக் குடுத்தா."

"ஏம்மா?"

"முதல்ல பாட்டு, குருவின்னுதான் போட்டுட்டிருந்தாரு. அப்புறம் கேமரா முன்னாடி உட்கார்ந்துகிட்டு ஒவ்வொண்ணா சொல்லிப் போட ஆரம்பிச்சாரு. கேஸ் கசிஞ்சா என்ன பண்றது, மோட்டர் ஓடலைன்னா எந்த ஸ்விட்ச்சை அமுக்கறது. கடையில மருந்து கட்டிக் குடுக்கும்போது சொல்லுவாரே, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு, அதே குரல்ல. பொழுது போகாம பண்றாருன்னு நானும் பார்த்துட்டிருந்தேன். ஒரு நாள், 'தனியா இருக்கும்போது வாசக் கதவை எப்படிப் பூட்டிக்கணும்'னு ஒண்ணு வந்துச்சு." அம்மா நிறுத்தினாள். "அப்பதான்டீ எனக்கு உறைச்சுது. மனுஷன் மேல உட்கார்ந்து மூட்டை கட்டிட்டிருக்காரு."

சின்னவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வேலையைத் தொட்டா முடிக்காம எழுந்திருப்பாரா உங்கப்பா? கடைசி ஆளுக்கு மருந்து குடுக்காம ஒரு நாளாவது ஷட்டரை இறக்கியிருக்காரா? சொல்லு."

"இல்ல."

"எனக்கு எதுவும் வந்து சேரலைன்னா கிளம்ப மாட்டாருன்னு தோணுச்சு. ரிப்பேர் முடியற வரைக்குமாவது இருப்பாருல்ல? பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியுது. ஆனா இருந்தாரே! டாக்டர் குடுத்த கெடுவைத் தாண்டி இருந்தாரே!"

அம்மா இப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நேற்றிலிருந்து இதுதான் முதல்முறை.

"சாயங்காலம் மேல போனா, 'இன்னிக்காவது தெரிஞ்சுதா?'ம்பாரு. முகத்துக்கு நேரா, 'இல்லையே'ன்னுடுவேன். 'நாளைக்கு வேற மாதிரி பண்ணிப் பார்க்கறேன்'பாரு. மூச்சு விட முடியாத மனுஷனைப் பொய் சொல்லி அலைய விட்டிருக்கேன்டீ. இப்ப நீ அதைத் திறந்தா, அவரு எப்படியெல்லாம் தவிச்சிருக்காருன்னு வரிசையா வந்து நிக்கும். அதைப் பார்க்கற தெம்பு எனக்கு இல்ல. லைசென்ஸ் படம் போதும்."

சின்னவளுக்கு அம்மா மேல் கோபம் வரவேண்டும் போலவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அப்பா ஃபோனில் மூச்சு வாங்க வாங்கக் கேட்டது காதிலேயே நின்றது. என்ன பண்ணலாம் சொல்லு, என்ன பண்ணலாம் சொல்லு. உண்மையிலேயே தவித்துக்கொண்டுதான் போனாரா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு அரித்தது. தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"நான் அமுக்க மாட்டேன்" என்றாள். லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினாள். "நீ மாத்தினதை நீதான் மாத்தணும். வேண்டாம்னா மூடி வெச்சுடு. அண்ணன்கிட்ட லைசென்ஸ் படத்தையே அனுப்பச் சொல்றேன்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிஜ டைகர் இரண்டு முறை குரைத்துவிட்டு அடங்கியது. "அது வேற" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்புறம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க அமுக்கணும்? இதுவா?"

"அதுதான்."

வட்டம் ஒன்று சுற்றியது. 'மருந்துக்கடை' என்று வந்தது. ஃபோல்டரும் வந்தது.

கேஸ், மோட்டர், வாசக் கதவு, பல்பு, தண்ணித் தொட்டி என்று வீடியோக்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள். 'தெரியுதா'. 'இப்ப தெரியுதா'. 'இப்பவாவது தெரியுதா'. அதே மாதிரி இன்னும் நிறைய. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

'மாட்டறதுக்கு' என்று ஒரு படம் இருந்தது. சின்னவள் முதலில் அதைத் திறந்தாள்.

கடையில் எடுத்த படம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கவுன்டருக்குப் பின்னால் நின்று, ஒரு துண்டுத்தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, ஒன்றும் புரியாமல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்க்கவே இல்லை.

"போயும் போயும் இதையா?" என்றாள் சின்னவள். "டாக்டர் கையெழுத்து புரியாம முழிக்கறாரு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் எழுத்து எங்க? அது என் எழுத்து. சாமான் வாங்கிட்டு வரச் சொல்லி எழுதிக் குடுத்தேன். 'இது என்ன, உப்பா, சோப்பா?'ன்னு கேட்டுட்டு நின்னாரு. நான்தான் எடுத்தேன்." அவள் உதடு கோணியது. சிரிப்பா என்னவென்று சொல்ல முடியவில்லை.

சின்னவள் படத்தை ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள். 'கிடைச்சது' என்று பதில் வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. லேப்டாப்பை மூடிவிடலாம் என்று கையை வைத்தபோதுதான் வீடியோக்களின் கடைசியில் இருந்த ஒரு பெயர் அவள் கண்ணில் பட்டது.

'டைகர்'.

அவளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதைத் தட்டினாள்.

மூக்கில் குழாயோடு அப்பா கேமராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா பாரு. திரையில கீழ் மூலையில விசிறி மாதிரி ஒண்ணு இருக்கும். அதை ஒரு தடவை அமுக்கு. டைகர்னு இருக்கும். அதை விட்டுட்டு மருந்துக்கடையை அமுக்கு. அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னாடியும் அமுக்கலாம், பின்னாடியும் அமுக்கலாம்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அன்னிக்கு மழையில நம்ம லைன் கட்டாயிடுச்சே. இங்க எனக்கு எதுவுமே வரல. கீழ உன் பாட்டு மட்டும் நிக்காம ஓடிட்டிருந்துச்சு. அட, இவளுக்கு மட்டும் எங்கேருந்து வருதுன்னு யோசிச்சேன். பக்கத்து வீட்டைத் தவிர வேற எங்க இருந்து வரும்? அப்புறம் நீ ஏன் மாத்தினேன்னும் யோசிச்சேன். அதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு."

படத்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப மாத்திக்கோ. அதுவரைக்கும் ரிப்பேர் ஆகலைன்னே நானும் வெச்சுக்கறேன்." வீடியோவை நிறுத்துகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனவர் சட்டென்று நின்றார். "அடச்சே! இதை நீ பார்க்கணும்னாலே முதல்ல மாத்தியிருக்கணுமே. யாருக்குச் சொல்லிட்டிருக்கேன் நான்?" அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமலோடு படம் நின்றது.

அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சின்னவள் பழக்கதோஷத்தில் தேதியைப் பார்த்தாள். டைகர் வீடியோ போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. 'தெரியுதா' ஃபைல்களில் பாதிக்குமேல் அதற்கு அப்புறம் போட்டவை. தினம் ஒன்று. அவளை ஃபோனில் கூப்பிட்டதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான். என்ன பண்ணலாம் சொல்லு என்று அவளிடம் கேட்டு, அவள் சொன்னதையெல்லாம் சிரத்தையாகச் செய்து, ம்ஹூம், உங்கம்மா தெரியலைன்னுட்டா என்று மறுநாள் சொன்ன மனிதருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

"அம்மா, இந்தத் தேதியைப் பாரு."

அம்மா பார்த்தாள். ஒவ்வொரு தேதியின் மேலும் விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். "ராஸ்கல்" என்றாள் மெதுவாக. தன் புருஷனை அவள் அப்படிச் சொல்லிச் சின்னவள் கேட்டதே இல்லை.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹாலில் எல்லோரும் எழுந்தார்கள். பெரியவன் படிக்கட்டில் தடதடவென்று ஏறினான். "மேல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன். அந்தக் கம்ப்யூட்டர் நேத்துலேருந்து ஓடிட்டே இருக்கு."

"இருடா" என்று அம்மா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஒரு நிமிஷம் இரு. நான் சொல்ற வரைக்கும் தொடாதே."

கடைசி 'தெரியுதா'வை அவளே திறந்தாள். முந்தாநாள் தேதி. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்தவள் தானும் காத்திருந்தாள்.

'தெரியுது.'

"சேவ் பண்றது எப்படி?"

சின்னவள் காட்டினாள். அம்மா அழுத்தினாள்.

"அம்மா, இதுல ஏதோ லைட் மினுக்குது" என்று மாடியிலிருந்து பெரியவன் குரல் வந்தது. "யாராவது ஏதாவது பண்றீங்களா?"

அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சின்னவள் கையை நீட்டினாள். ஹாலில், அப்பாவின் தலைக்கு மேலே, டப்பாவில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று அடித்துவிட்டு, மறுபடி நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.